ஏ ஃபார் ஆப்பிள்: ஆங்கில அரிச்சுவடிக்கு ஒரு விருத்தியுரை

பாயிரம்

நூல் செய்பவர் முகப்பிலேயே எட்டுச் செய்திகளைச் சொல்லிவிட வேண்டும் என்பது நன்னூல் வழி. பவணந்தியாரை மீறும் துணிவு நமக்கில்லை. ஆகவே:

ஆக்கியோன் பெயர்: அடக்கம் கருதி விடப்பட்டது. வழி: தொல்காப்பியம், நன்னூல், யூ.கே.ஜி. எல்லை: வடக்கே ஏ, தெற்கே இஸட், கிழக்கும் மேற்கும் நாலு கோடு நோட்டின் ஓரங்கள். நூற்பெயர்: மேலே காண்க. யாப்பு: சுருக்க வேண்டிய இடத்தில் விரித்தும், விரிக்க வேண்டிய இடத்தில் நழுவியும் செய்யப்பட்டது. நுதலிய பொருள்: 26 எழுத்துகளும் அவை செய்யும் அநியாயங்களும். கேட்போர்: பால்பாட்டிலை விட்டவர் அனைவரும், அவர்களுக்கு வீட்டுப்பாடம் எழுதிக் கொடுக்கும் பெற்றோரும். பயன்: அறம், பொருள், இன்பம், அமெரிக்க விசா.

இனிக் கருதுகோள். தமிழ் எழுதியபடி படிக்கும் மொழி, எனவே நேர்மையானது. ஆங்கிலம் எழுதுவதொன்று சொல்வதொன்று என்று வாழும் மொழி. எனவே நம்பத் தகாதது. ஆங்கிலத்தில் தமிழ்ப்பிள்ளை செய்யும் பிழையெல்லாம் நேர்மையாளன் நேர்மையற்ற இடத்தில் மாட்டிக்கொண்டதன் விளைவு. திண்ணையிலும் டியூஷன் வாசலிலும் டவுன் பஸ்ஸிலும் மறுப்பாரின்றி நிலவிவரும் இக்கருத்தை முறைப்படி நிறுவுவதே நம் நோக்கம். நிறுவ முடிந்ததா என்பது ஆறாம் இயலில் தெரியவரும்.

1. சுவர்ப்பட இயல்

ஆங்கிலக் கல்விக்கு முதல்நூல் சுவர்ப்படமே. மேலும் கீழும் தகரப்பட்டை அடித்த வழுவழுப்பான தாள். ஒருமுறை சுருட்டினால் மறுமுறை விரிய மறுக்கும். அதில் 26 கட்டம், கட்டத்துக்கொரு படம். ஐ கட்டத்தில் பனிக்கட்டி வீடு. வேலூர் வெயிலில் அமர்ந்து பிள்ளை அதற்கு எழுத்துக்கூட்டும். ஒய் கட்டத்தில் யாக் என்னும் இமயமலை மாடு. அதை நேரில் கண்ட மிஸ் அரிது. எக்ஸ் கட்டத்தில் சைலஃபோன் என்னும் வாத்தியம். எக்ஸின் பெயருக்கும் அந்தச் சொல்லின் முதல் ஒலிக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. இதைக் கண்டு நாம் எக்களிக்க வேண்டாம். நம் அரிச்சுவடியில் ஔவையார் கைகொடுக்காவிட்டால் ஔ பட்டினி கிடந்திருக்கும்.

சிக்கல் எக்ஸில் தொடங்கவில்லை. முதல் கட்டத்திலேயே தொடங்கிவிட்டது.

"தாத்தா, ஏ-ன்னா ஏணிதானே?"

"அது தமிழ் ஏ-டா கண்ணு. இது இங்கிலீஷ் ஏ. இதுக்கு ஆப்பிள்."

"ஆப்பிளுக்கு ஆ-தானே தாத்தா வரும்?"

"மிஸ் என்ன சொன்னாங்களோ அதைச் சொல்லு."

பேரனின் கேள்வி இலக்கணக் கேள்வி. தாத்தாவின் விடை நிர்வாக விடை. நாம் இலக்கண விடை தருவோம். 14ஆம் நூற்றாண்டில், சாசர் கவி பாடிய காலத்தில், இங்கிலாந்திலும் ஏ என்னும் எழுத்தின் பெயர் ஆ. ஈ என்பதன் பெயர் ஏ. ஐ என்பதன் பெயர் ஈ. இன்றும் ஸ்பானியர் அப்படித்தான் சொல்கின்றனர். அதன்பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளில் ஆங்கிலேயரின் நெடில்கள் எல்லாம் ஒவ்வோர் இடமாக நகர்ந்தன. ஆ இருந்தது ஏ ஆயிற்று, ஏ இருந்தது ஈ ஆயிற்று, ஈ இருந்தது ஐ ஆயிற்று. டேனிஷ் மொழியியலாளர் ஓட்டோ எஸ்பர்சன் இதற்குப் பெரும் உயிரொலிப் பெயர்ச்சி என்னும் பொருள்பட ஒரு பெயரும் வைத்தார். நெடில்கள் குடிபெயர்ந்த வேளையில் குறில்கள் பெரும்பாலும் ஊரிலேயே தங்கின. எழுத்தின் பெயர் நெடிலோடு போயிற்று; ஆப்பிள் குறிலோடு தங்கிற்று. ஆகப் பேரன் சொன்னது பிழையன்று, அறுநூறு ஆண்டு தாமதமான சரி என்க.

இன்னொன்றும் இப்படத்தில் கவனிக்கத்தக்கது. ஆப்பிளும் பனிவீடும் யாக்கும் நமக்கு அயலார். எம் கட்டத்து மேங்கோ அப்படியன்று. நம் பக்கத்து மாங்காய்தான் போர்த்துகீசியரின் கப்பலேறி ஆங்கிலத்துக்குப் போனது. ஓ கட்டத்து ஆரஞ்சும் பாரசீகம், அரபி, பிரெஞ்சு எனப் பல வாய் மாறிப் போன பழம். அதன் வேர் நாரத்தையை ஒட்டிய திராவிடச் சொல்லாக இருக்கலாம் என்பார் சொற்பிறப்பியலாளர் பலர். வெளிநாடு போய்ப் பெயரை மாற்றிக்கொண்டு திரும்பிய சொந்தங்களை நாம் 'ஓ ஃபார்', 'எம் ஃபார்' என்று கூச்சத்தோடு அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

2. பிறப்பியல்

ஆங்கில எழுத்து 26. ஒலியோ ஏறத்தாழ 44. உயிரெழுத்து ஐந்து, உயிரொலி 20 வரை போகும். வருவாய் குறைவு, செலவு அதிகம். எனவே ஓர் எழுத்து பல வேலை பார்க்கிறது. சில வேலைக்கு இரண்டு எழுத்து சேர்ந்து போகின்றன.

இதனால் விளையும் முதல் கேடு எழுத்துக்கூட்டல். "சீ, ஏ, டீ: கேட்" என்று பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்வதை எந்தத் தெருவிலும் கேட்கலாம். சீயையும் ஏயையும் டீயையும் கூட்டினால் வருவது சியேட்டி. பூனை எங்கிருந்து வந்தது? எழுத்தின் பெயரைக் கூட்டினால் பூனை வராது, ஒலியைக் கூட்டினால்தான் வரும். க், அ, ட் என்று வாயைத் திறந்து கூட்டும் முறையை இன்று ஃபோனிக்ஸ் என்ற பெயரில் தனிக் கட்டணம் வாங்கிச் சொல்லித் தருகிறார்கள். க-வைக் க என்றே அழைத்து வந்த தமிழ் அரிச்சுவடி இதை ஓசைப்படாமல் இலவசமாகச் செய்துவந்தது. மெய்யெழுத்தைத் தனியே ஒலிக்க முடியாது என்பதால் நாம் முன்னால் ஓர் இ சேர்த்து இம், இன், இல் என்கிறோம். ஆங்கிலேயர் எ சேர்த்து எம், என், எல் என்கின்றனர். இந்த மூன்றில் மட்டும் இருவரும் ஒத்துப்போனது வியப்பு.

இரண்டாவது கேடு இரட்டையர்கள். தமிழில் எழுதினால் பாலுக்கு வரும் எழுத்தும் பி, பேரட்டுக்கு வரும் எழுத்தும் பி. டாக்குக்கும் டி, டைகருக்கும் டி. சுவர்ப்படத்தை எட்டிநின்று பார்க்கும் பாட்டிக்கு ஏன் இரண்டு பி, ஏன் இரண்டு டி என்பது கடைசிவரை விளங்குவதில்லை. போனில் பெயர் சொல்லும்போது விபரீதம் முற்றும். அதற்கு நம்மவர் கண்ட மருந்து ஊர்ப்பெயர்: "பி ஃபார் பாம்பே, டி ஃபார் டெல்லி, எம் ஃபார் மெட்ராஸ்." விமானிகளுக்கு 1956 முதல் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று உலகப் பொதுப்பட்டியல் இருக்கிறது. நமக்கு இந்திய ரயில்வே கால அட்டவணையே பட்டியல். 1995இல் பாம்பே மும்பையாயிற்று, 1996இல் மெட்ராஸ் சென்னையாயிற்று. பட்டியல் மட்டும் மாறவில்லை. மாற்றினால் எம் எழுத்து மெட்ராஸை விட்டு மும்பைக்குப் போய்விடும்; அந்த இழப்புக்குத் தமிழர் இசையார். அரசாணை புகாத எழுத்துகளில் பழைய பாம்பேயும் பழைய மெட்ராஸும் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கின்றன.

மூன்றாவது எஃப். இந்த ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை. அதே நேரத்தில் தமிழில் ஓர் எழுத்துக்கு வேலையில்லை. அஃது, எஃகு என்று விரல்விட்டு எண்ணும் சொற்களில் மட்டும் தலைகாட்டிக்கொண்டிருந்த ஆய்தத்தை அழைத்துப் பகரத்தின் முன்னால் நிறுத்தியதும் காரியம் முடிந்தது. ஃபீஸ், ஃபைல், ஃபார்ம், காஃபி என இன்று ஆய்தத்துக்கு மூச்சுவிட நேரமில்லை. அது விடுப்பெடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று: "தலைக்கு மேலே பேன் சுற்றுகிறது."

நான்காவது டீ என்னும் எழுத்தின் ஒலி. இதில் தமிழுலகம் இரண்டாகப் பிளந்து நிற்கிறது. தமிழ்நாட்டார் இதை டகரத்தால் எழுதுவர்: டொரண்டோ, மார்க்கெட், இன்டர்நெட். இலங்கைத் தமிழர் றகர ரகரங்களால் எழுதுவர்: ரொறன்ரோ, மார்க்கற், இன்ரநெற். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துச் சிரிப்பது வழக்கம். ஆங்கிலேயர் இவ்வொலிக்கு நாநுனியைப் பல்லீறுக்குப் பின்னே மேட்டில் ஒற்றுகிறார். தமிழ்நாட்டார் நாவை மடித்து மேலண்ணத்துக்கே கொண்டுபோகிறார். பழைய றகர ஒற்று பிறந்த இடமோ ஆங்கிலேயர் ஒற்றும் அதே மேடு. ஆக உச்சரிப்பு நீதிமன்றத்தில் யாழ்ப்பாணத்துக்கே வெற்றி. ஆனால் ரொறன்ரோவை ரகரத்தில் தொடங்கியதற்காகத் தொல்காப்பியர் அவர்கள்மீது தனி வழக்குப் போடுவார். நம்மீதும்தான். அது நான்காம் இயலில்.

3. மௌனவியல்

வாயில் இல்லது வரியில் இருப்பின்
ஊமை எழுத்தென ஓதல் கடனே.

என்பது நூற்பா. நாமே இயற்றியது, எதுகை பார்க்க வேண்டா. உதாரணம் வருமாறு. டியூஷன். கத்திக்கான ஆங்கிலச் சொல் பலகையில் இருக்கிறது. தலைப்பில் ஒரு கே.

"மிஸ், இந்த கே எதுக்கு மிஸ்?"

"அது சைலண்ட்டுடா."

"அப்ப விட்டுடலாமா மிஸ்?"

"விட்டா மார்க் போயிடும்."

எழுத்து சத்தம் போடாது. விட்டால் மிஸ் சத்தம் போடுவார் என்பது இதன் பொழிப்பு. ஊமை எழுத்துகள் மூவகைப்படும்: ஒலித்து ஓய்ந்தன, ஒலியாதே நுழைந்தன, ஒலியாது உதவுவன.

ஒலித்து ஓய்ந்தன: நைஃப், நீ, நைட் முதலியவற்றின் முன் நிற்கும் கே, நைட்டின் நடுவே நிற்கும் ஜி, ஹெச். சாசர் காலத்தில் இவற்றுக்கெல்லாம் குரல் இருந்தது. வில்லியம் கேக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அவர் கோத்த ஈய எழுத்துகளும் அவருக்குப் பின்வந்தோர் கோத்தவையும் மெல்லமெல்ல எழுத்துக்கோவையை இறுக்கின. அதே காலத்தில்தான் நெடில்கள் வாயில் குடிபெயர்ந்துகொண்டிருந்தன. அச்சு நின்றது, வாய் நடந்தது. 1755இல் சாமுவேல் ஜான்சன் அகராதி போட்டபோது வாய் வெகுதூரம் போய்விட்டிருந்தது. அவர் நின்றதையே பதிவு செய்தார். இவ்வகையின் உச்சம் ஓ-யூ-ஜி-ஹெச் என்னும் கூட்டணி. அது ஒரு சொல்லில் டஃப், ஒன்றில் காஃப், ஒன்றில் தோ, ஒன்றில் த்ரூ, மரக்கிளையில் பவ். ஒரே நான்கு எழுத்து. ஒலியில் எந்தக் கொள்கையும் இல்லை.

ஒலியாதே நுழைந்தன: டெட் என்றால் கடன். பிரெஞ்சிலிருந்து வந்தபோது இச்சொல்லில் பி கிடையாது. யாரும் அதை ஒலித்ததும் கிடையாது. மறுமலர்ச்சிக் காலத்துப் புலவர்கள் லத்தீன் மூலத்தில் பி இருப்பதைக் கண்டு, வம்சப்பெருமை தெரியட்டும் என்று கொண்டுவந்து செருகினர். கடன் என்னும் சொல்லிலேயே கடன் வாங்கிய எழுத்து. ஐலண்ட் கதை இதைவிட மோசம். அது ஆங்கிலத்தின் சொந்தச் சொல். லத்தீனோடு ஒட்டுமில்லை உறவுமில்லை. தீவைக் குறிக்கும் வேறொரு சொல்லோடு குழப்பிக்கொண்டு அதற்குள்ளும் ஓர் எஸ்ஸை நுழைத்தனர். புலவர் செய்த பிழையைப் பிள்ளை சரியாக எழுதாவிட்டால் அதற்குப் பெயர் ஸ்பெல்லிங் மிஸ்டேக்.

ஒலியாது உதவுவன: சொல்லின் கடைசியில் வாய்மூடி அமரும் ஈ. இது தான் ஒலிக்காது. முன்னால் உள்ள உயிரின் ஒலியை மாற்றிவிடும். பின்னுக்குப் பின்னால் ஈ வந்து அமர்ந்தால் பைன். கட்டுக்குப் பின்னால் அமர்ந்தால் க்யூட். மூவகையிலும் இது ஒன்றே நம் மரியாதைக்குரியது.

4. மொழிமரபு

தமிழில் சொல் இரட்டை மெய்யில் தொடங்காது. வல்லின மெய்யில் முடியாது. ட, ர, ல, ற போன்றவை சொல்லுக்கு முதலாகா. இவை சட்டங்கள். இச்சட்டப்படி பார்த்தால் காலையில் எழுந்ததும் நாம் குடிக்கும் டீயே மீறல். ஏறும் ரயில் மீறல். வழிமறிக்கும் லாரி மீறல். முன்னோர் இரயில் என்று எழுதித் தண்டம் கட்டினர். நாம் கட்டுவதில்லை.

ஆனால் ஏட்டில் செத்துப்போன சட்டம் வாயில் உயிரோடிருக்கிறது. ஸ்கூலை இஸ்கூல் என்பவரையும் ஸ்டூலை இஸ்டூல் என்பவரையும் படித்தவர் ஏளனமாகப் பார்க்கிறார். அவர்கள் இரட்டை மெய்க்கு முன்னே ஓர் உயிரை நிறுத்தி மொழிமுதல் விதியைக் காப்பாற்றுகின்றனர். ஸ்பெயின் நாட்டாரும் லத்தீன் பள்ளியை இதே முறையில்தான் வாங்கி எஸ்குவேலா என்று வைத்துக்கொண்டனர். அங்கே அது அகராதிச் சொல். இங்கே இஸ்கூல் பட்டிக்காட்டுச் சொல். ஒரே விதிக்கு இரண்டு கண்டத்தில் இரண்டு தீர்ப்பு.

சொல்லின் ஈற்றிலும் இப்படியே. பஸ்ஸு, கப்பு, லைட்டு, பைப்பு என்று கடைசியில் ஓர் உகரத்தை வைத்து வல்லினத்தை மூடுவது சோம்பலாலன்று. குற்றியலுகரம் என்னும் பழஞ்சொத்தை முறைப்படி ஆள்வதாகும். தமிழருக்கு டீயும் தெரியாது, டியும் தெரியாது, இரண்டும் ஒன்றே என்று குற்றஞ்சாட்டுவோர் இரண்டு சொற்களை உற்றுக் கேட்க வேண்டும்: ரோடு, நோட்டு. ஆங்கிலத்தில் மென்மையாக முடிவதற்கு ஒற்றை டகரம். வன்மையாக முடிவதற்கு இரட்டை டகரம். அவ்வாறே டியூபு ஒற்றை, பைப்பு இரட்டை. வரிவடிவத்தில் இல்லாத வேறுபாட்டை ஒற்று மிகுத்துக் காட்டும் இந்த ஏற்பாட்டை யாரும் வகுப்பில் நடத்தவில்லை. ரோட்டோரம் நின்று பேசுகிறவர்களே செய்துகொண்டார்கள்.

5. சொல்லதிகாரம்

ஆங்கில இலக்கணம் நம்மிடையே பரவியதில் ரென், மார்ட்டின் இருவர் சேர்ந்து செய்த தடித்த நூலுக்குப் பெரும்பங்கு உண்டு. ரென் துரை நாவலாசிரியருமாவார். 1924இல் வந்த அவருடைய போ ஜெஸ்ட், சகாரா பாலைவனத்தில் பிரெஞ்சு அந்நியப்படை வீரர்கள் படும் பாட்டைச் சொல்வது. தண்ணீரில்லாத இடத்தில் மனிதரை நடக்கவிடும் கலையில் அவர் தேர்ந்தவர் என்பது, இலக்கண நூலின் பயிற்சிப் பகுதிகளைச் செய்து பார்த்தவருக்குச் சொல்லாமலே விளங்கும்.

முதலில் அ, ஆன். உயிரொலிக்கு முன் ஆன், மெய்யொலிக்கு முன் அ. பார்க்க வேண்டியது எழுத்தை அன்று, ஒலியை. ஆகவே ஆன் ஹவர், அ யுனிவர்சிட்டி, ஆன் எம்.எல்.ஏ. இதைக் கேட்டுத் தமிழ்ப்பிள்ளை மிரள வேண்டியதே இல்லை. ஓர் ஊர், ஒரு வீடு என்று நம்மிடமும் அதே விதி இருக்கிறது. பிள்ளை மிரள்வதற்குக் காரணம், அவ்விதியை நாம் தமிழில் பின்பற்றுவதில்லை. 'ஒரு ஊர்ல ஒரு ராஜா' என்று கதை சொல்லிவிட்டு, 'அ ஆப்பிள்' என்றதற்குக் காதைத் திருகுகிறோம்.

அடுத்து இஸ், ஆம், ஆர். தமிழில் 'அவர் டாக்டர்' என்றால் வாக்கியம் முடிந்தது, பெயரே பயனிலை. ஆங்கிலத்தில் அவருக்கும் டாக்டருக்கும் நடுவே ஒரு வினை வந்து நிற்காவிட்டால் அவர் டாக்டராக முடியாது. 'நான் குமார்' என்பதை அப்படியே கொண்டுபோனவர் கண்ட வடிவம்தான் 'மைசெல்ஃப் குமார்'. அதில் வினை இல்லை, விநயம் இருக்கிறது.

விநயம் என்றதும் யூ. ஆங்கிலத்தில் நான் என்பது எங்கே வந்தாலும் பெரிய எழுத்து. எதிரே நிற்பவருக்கு அம்மரியாதை கிடையாது. வீட்டு நாயும் மாவட்ட கலெக்டரும் ஒரே யூ. நீயும் நீங்களும் வேறென்று வளர்ந்த நாக்கு இதைப் பொறுக்குமா? பொறுக்கவில்லை, ஒரு விகுதி கண்டுபிடித்தது. 'யூ கம் சார்', 'யூ சிட் சார்' என்னும் இடங்களில் சார் என்பது விளியன்று, மரியாதைப் பன்மை விகுதி. யூ உடன் சார் புணர்ந்தால் நீங்கள் ஆகும். பெண்பாலுக்கு மேடம் எனக் கொள்க.

இனி எஸ். தொடக்க நிலையினரை அழவைப்பதில் இதற்கு இணையில்லை. பெயரில் எஸ் வந்தால் பன்மை, வினையில் எஸ் வந்தால் ஒருமை என்றால் யாருக்குத்தான் தலை சுற்றாது? உண்மையில் உள்ளே ஒரு பங்கீடு நடக்கிறது.

எஸ்ஒன்று உளதே இருவர் நடுவே;
பெயர்பெறின் வினைக்கிலை, வினைபெறின் பெயர்க்கிலை.

தி பாய் ரன்ஸ்: பையனுக்கு இல்லை, ஓட்டத்துக்கு உண்டு. தி பாய்ஸ் ரன்: பையன்களுக்கு உண்டு, ஓட்டத்துக்கு இல்லை. நடுவில் டூ என்னும் துணைவினை வந்தால் எஸ்ஸை அது பறித்துக்கொள்ளும். ஹீ கோஸ், ஹீ டஸ் நாட் கோ. இது தெரியாமல் 'டஸ் ஹீ கோஸ்' என்பவர், ஒரு பங்கை இருவருக்கும் கொடுத்துவிட்ட தாராளக்காரர். இறந்தகாலமும் இவ்வாறே வாக்கியத்துக்கு ஒன்று. அதை டிட் வாங்கிய பிறகு வென்ட் என்றும் கேட்பது இரட்டைச் செலவு. மென், சில்ட்ரன் என எஸ் வாங்காப் பன்மைகளும், பஸ் போலப் பிறவியிலேயே எஸ் உடையனவும் புறனடையாற் கொள்க. வருகிறான், வருகிறாள், வருகிறார், வருகிறது, வருகின்றன என்று திணை, பால், எண் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விகுதியில் அடக்கும் நாக்கு, ஓர் எஸ்ஸைப் பார்த்துக் கலங்குவது அழகன்று.

கடைசியாக வினை. ஆங்கிலத்தில் ஒழுங்கற்ற வினைகள் ஏறத்தாழ 200. ட்ரைவ், ட்ரோவ், ட்ரிவன். ஈட், ஏட், ஈட்டன் என்று மூன்று மூன்றாக மனப்பாடம் செய்ய வேண்டியவை. பலர் இதற்காகவே இரவு கண்விழித்தனர். மற்ற தமிழர் அதற்குள் அந்த அட்டவணையை ஒரே சொல்லால் ஒழித்துவிட்டு உறங்கப் போனார்கள். அச்சொல் பண்ணு. ட்ரைவ் பண்ணினேன், ட்ரைவ் பண்றேன், ட்ரைவ் பண்ணுவேன். காலம் காட்டுவது பண்ணு. ட்ரைவ் நின்ற இடத்தில் நிற்கும். கேள்வி கேட்க டூ, டஸ், டிட் என்று மூன்று உருப்படியைத் தூக்கி முன்னால் வைக்கும் சிரமமும் இல்லை. வினா எழுத்து ஆ ஒன்று போதும்: ஓகேவா? ரெடியா? பிஸியா? ஆங்கிலம் ஒரு பக்கம் நெடுக விளக்கும் வினாவாக்கத்தை ஒற்றை எழுத்தில் முடித்தது உலக மொழியியலுக்கு நம் கொடை.

6. மறுதலை

இதுவரை எல்லாம் கருதுகோளுக்குச் சாதகமாகவே போயிற்று. இங்கே ஒரு தடை எழுகிறது.

தமிழ் எழுதியபடி படிக்கும் மொழி என்றோம். கடல், தங்கம், பகல் ஆகிய மூன்றையும் உரக்கச் சொல்லிப் பார்க்க. மூன்றிலும் ஒரே க, ஒலி மூன்று. சட்டை, அச்சம், பஞ்சு ஆகியவற்றில் ஒரே ச, ஒலி மூன்று. ஆங்கிலத்தின் சீ எழுத்து ஒரு சொல்லில் ககரமாகவும் இன்னொன்றில் சகரமாகவும் ஒலிப்பதைக் குற்றமாகச் சொன்னால், அந்தக் குற்றப்பத்திரிகையில் நம் எழுத்துகளின் பெயரும் வரும்.

இது சிறிது. பெரிது இனி. நைட்டில் ஜி, ஹெச் ஒலிக்கவில்லை என்று சிரித்துவிட்டு வீட்டுக்கு வரும் தமிழர் கடிதத்தில் எழுதுவது: "அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்." திரும்பி உள்ளே பார்த்துச் சொல்வது: "வந்துட்டிருக்காங்க." கொண்டு எங்கே? கிறார் எங்கே? ஆங்கிலத்தில் ஓரெழுத்து ஈரெழுத்துத்தான் ஊமை. நம்மிடம் விகுதி, இடைநிலை எல்லாம் கூட்டாக வாயை மூடிக்கொள்கின்றன. போய்விட்டது என்று எழுதிப் போச்சு என்று படிப்பவனுக்கு, கே ஒலிக்காத கத்தி எம்மாத்திரம்? பேசுவதுபோல் எழுதினால் தமிழ் ஐயா அடிப்பார். எழுதுவதுபோல் பேசினால் தெருவே சிரிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே தினமும் போய்வருகிற பிள்ளைதான் ஐந்து வயதில் இங்கிலீஷ் புத்தகத்தைத் திறக்கிறது.

அற்றேல், இந்த இடைவெளியை யாரும் அடைக்க முயலவில்லையோ எனின், முயன்றனர். 1950இல் மறைந்த பெர்னார்ட் ஷா, ஆங்கிலத்துக்குக் குறைந்தது 40 எழுத்துள்ள புதிய நெடுங்கணக்கு வேண்டும் என்று உயிலில் பணம் ஒதுக்கினார். எழுத்து தயாராயிற்று. 1962இல் அவருடைய நாடகம் ஒன்று அதில் அச்சாயிற்று. அதோடு ஆங்கிலேயர் நன்றி சொல்லிவிட்டுப் பழைய 26க்கே திரும்பினர். நம் பக்கம் பெரியார் 1935இல் குடி அரசு இதழில் சில எழுத்துகளின் வடிவத்தைச் சீர்திருத்தினார். 1978இல் தமிழ்நாடு அரசு அதை ஏற்றது. இன்று நாம் எழுதும் ணை, லை, றா எல்லாம் அவ்வழி வந்தவை. எழுத்தின் உருவம் திருந்தியது. எழுதுவதற்கும் பேசுவதற்கும் இடையிலான தூரத்தில் யாரும் கை வைக்கவில்லை. வைத்தாலும் இரண்டு கட்சியும் சேர்ந்து அடிக்கும்.

ஆகவே கருதுகோள் கவிழ்ந்தது. எழுதுவதொன்று சொல்வதொன்று என்னும் கலையில் ஆங்கிலம் நமக்கு இளையது. தமிழ்ப்பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறுவது அக்கலை புதிது என்பதால் அன்று. தமிழில் யாரும் அதை விதியாகச் சொல்லாமல் பழக்கமாக்கிவிட்டார்கள். ஆங்கிலத்தில் பழக்கமே ஆக்காமல் விதியாகச் சொல்கிறார்கள். வீட்டில் ஒரு நாள்கூடப் பேசாத மொழிக்கு டிக்டேஷன் வைத்தால் வேறென்ன நடக்கும்?

7. விதிப்பு

இவ்வாய்வின் பயனாகக் கீழ்க்காண்பன உரியோர் பார்வைக்கு வைக்கப்படுகின்றன.

ஒன்று: சுவர்ப்படம் எம் எழுத்தில் தொடங்கட்டும். மாங்காயைக் கடித்துக்கொண்டே பிள்ளை எம் ஃபார் மேங்கோ சொல்லலாம். ஆப்பிளின் முறை வரும்போது அது விலை குறைந்திருக்கவும் கூடும்.

இரண்டு: எழுத்தின் ஒலி முதலில், பெயர் பின்னால். சியேட்டி என்று கூட்டிய பிள்ளைக்கு முழு மதிப்பெண்; அது சொன்னதுதான் கணக்குப்படி சரி.

மூன்று: டெட்டில் பி-யையும் ஐலண்டில் எஸ்ஸையும் விட்டவருக்கு மதிப்பெண் குறைக்கலாகாது. குறைப்பதானால் அவற்றைச் செருகிய புலவர்களிடமிருந்து பிடித்துக்கொள்க.

நான்கு: சார், மேடம் ஆகியவற்றை மரியாதை விகுதிகளாகவும், பண்ணு என்பதைத் துணைவினையாகவும் அடுத்த இலக்கணப் பதிப்பில் சேர்க்க வேண்டும்.

ஐந்து: ஆங்கிலத்தில் ஆன் ஆப்பிள் என்று திருத்துகிறவர், அன்று மாலைக்குள் தமிழில் ஓர் ஊர் என்று ஒருமுறையாவது சொல்லிக் காட்ட வேண்டும்.

ஆறு: இஸ்கூல் என்பவரைப் பார்த்துச் சிரிக்க விரும்புவோர், சிரிப்பதற்கு முன் வாழைப்பழம் என்னும் சொல்லை ழகரம் ளகரமாகவோ யகரமாகவோ நழுவாமல் மும்முறை சொல்ல வேண்டும். சொல்ல முடிந்தவர் தாராளமாகச் சிரிக்கலாம். அத்தகையோரின் தொகை காரணமாக இஸ்கூல்காரருக்குப் பெரிய தொந்தரவு எதுவும் நேராது என்க.